கோப்பான் கல்லில் யானையா? (ஒரு கேள்வியும் பின்னால் சேர்ந்தவையும்)

கேள்வி, பிப்ரவரி 11

"ஹோண்டுராஸ் நாட்டில் கோப்பான் என்று ஒரு மாயா நகரம். அங்கே ஒரு தூணின் உச்சியில் யானையும் மேலே தலைப்பாகை கட்டிய பாகனும் செதுக்கியிருக்கிறது. அமெரிக்காவில் யானை ஏது? நம் ஆட்கள் போய்த்தானே செதுக்கியிருக்க வேண்டும்? மயன், மாயா என்று பெயரே சொல்கிறது. இதை ஏன் மறைக்கிறார்கள்?"

பிப்ரவரி 11, இரவு 10.40

யானை இல்லை. பஞ்சவர்ணக் கிளி. விவரம் நாளைக்கு, இப்போது கண் சொக்குகிறது.

பிப்ரவரி 12

நான் திருப்பூர்க்காரன். பனியன் கம்பெனி வேலையாக ஹோண்டுராஸில் சோலோமா என்ற ஊரில் இரண்டு வருடம் இருந்தேன். லீவு கிடைத்தபோது மூன்று தடவை கோப்பான் போனேன். படித்த ஆராய்ச்சிக்காரன் இல்லை. கண்ணால் பார்த்தது, அப்புறம் ஆர்வத்தில் தேடிப் படித்தது, அவ்வளவுதான் கையிருப்பு.

நீங்கள் சொல்வது 'பி' தூண். கி.பி. 731-இல் நட்டது. மன்னன் உருவத்துக்கு மேலே இரண்டு மூலையிலும் நீண்டு வளைந்து ஏதோ துருத்திக்கொண்டிருக்கும். துதிக்கை என்று முதலில் நினைத்தவர் நீங்கள் இல்லை. 1839-இல் அங்கே போன அமெரிக்கப் பயணி ஜான் லாயிட் ஸ்டீஃபன்ஸே 'யானைத் துதிக்கை போல இருக்கிறது, ஆனால் இந்த நாட்டில் அந்த மிருகம் கிடையாதே' என்ற பொருள்படத்தான் எழுதினார். பிறகு உடற்கூற்றியல் பேராசிரியர் கிராஃப்டன் எலியட் ஸ்மித் அதைப் பிடித்துக்கொண்டார். இது இந்திய யானை, மேலே இருப்பவன் பாகன், நாகரிகமே ஆசியாவிலிருந்து கடல் தாண்டிப் போனதுதான் என்று வாதாடினார். முதல் உலகப் போர் சமயத்தில் 'நேச்சர்' இதழிலேயே கடிதச் சண்டை நடந்தது. 1924-இல் இதற்கென்றே ஒரு புத்தகமும் போட்டார். ஆக, யாரும் மறைக்கவில்லை. ஊரறியச் சண்டை போட்டுத் தோற்ற வாதம் இது.

எனக்குப் புரிந்தது சண்டையைப் படித்து இல்லை. கோப்பானில் டிக்கெட் வாங்கி உள்ளே நுழைந்ததும் மரத்தடியில் பலகை மேடை கட்டி மக்காவ் என்ற பஞ்சவர்ணக் கிளிகளுக்குத் தீனி வைக்கிறார்கள். சிவப்பென்றால் அப்படிச் சிவப்பு. ஒன்று காலால் கொட்டையைப் பிடித்து உடைத்துக்கொண்டிருந்தது. கைக்கெட்டும் தூரம். மேல் அலகு நெற்றியிலிருந்தே புறப்பட்டு வளைந்து இறங்குகிறது. அலகின் அடியில், கண்ணுக்குப் பக்கத்திலேயே மூக்குத் துளை. கண்ணைச் சுற்றி இறகில்லாத வெள்ளைத் தோல், அதில் கோடு கோடாகச் சின்ன இறகு வரிசை. பத்து நிமிடம் கழித்துத் தூண் முன்னால் போய் நின்றேன். அதே வளைவு. மூக்குத் துளை அலகின் அடியில். யானைக்குத் துளை இருப்பது துதிக்கை நுனியில் அல்லவா? அன்றைக்கு எலியட் ஸ்மித்துக்குப் பதில் சொன்னவர்களும் இதைத்தான் சொன்னார்கள்.

இப்போது மாயா எழுத்தையும் படித்தாகிவிட்டது. அந்தத் தூணிலேயே 'மோ விட்ஸ்' என்று இருக்கிறது. மோ என்றால் மக்காவ், விட்ஸ் என்றால் மலை. கிளிமலைக்குள் மன்னன் நிற்கிறான்.

பிப்ரவரி 12, கொஞ்ச நேரம் கழித்து

மயன் விஷயத்தை விட்டுவிட்டேன். 'மாயா' என்பது மெக்சிகோவின் யுகட்டான் பக்கத்துச் சொல். ஸ்பானியர்கள் வந்தபின் எல்லோருக்கும் சேர்த்து ஒட்டிய பெயர். கோப்பான் மன்னர்கள் தங்களை அப்படிச் சொல்லிக்கொண்டதில்லை. அவர்கள் அரச முத்திரையில் இருப்பது ஒரு வௌவால் தலை. இரண்டு எழுத்து ஒத்துப்போவதை வைத்துக் கடல் தாண்ட முடியாது.

நிஜமான இந்தியத் தொடர்பு ஒன்று உண்டு. கோப்பான் ருயினாஸ் டவுனில் கூழாங்கல் தெருக்களில் சிவப்பு ஆட்டோக்கள் ஓடுகின்றன. பஜாஜ். எங்கள் ஊர் ஆட்டோ என்று டிரைவரிடம் கையைக் காலை ஆட்டிச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு வாடகையைக் குறைக்கவில்லை.

பிப்ரவரி 14

அந்தத் தூணில் நிற்கும் மன்னன் யார் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பதிமூன்றாம் மன்னன். பழைய புத்தகங்களில் '18 முயல்' என்று இருக்கும். அது பட்டப்பெயர் மட்டுமல்ல, தப்பான பட்டப்பெயர். அந்த எழுத்தில் இருப்பது முயல் தலை இல்லை, வளை தோண்டும் ஒரு வகை எலி. 'பாஹ்' என்ற ஒலிக்காகப் போட்டது. சரியான பெயர் வஷக்லஹூன் உபாஹ் கவீல். கவீல் என்ற தெய்வத்தின் பதினெட்டு உருவங்கள் என்று அர்த்தம் வரும். பாவம், பல வருடம் உலகம் முழுக்க முயலாகவே இருந்தார்.

695-இல் பட்டத்துக்கு வந்தார். பெரிய திடலில் இருக்கும் தூண்களில் பெரும்பாலானவை இவர் வைத்தவை. மற்ற மாயா ஊர்களில் கல்லைப் பலகை மாதிரி நிறுத்தி மேலோட்டமாகச் செதுக்குவார்கள். இங்கே உருவம் கல்லைவிட்டு வெளியே வருகிறது, முழங்கை, இறகு, தொங்கட்டான் எல்லாம். காரணத்தில் பாதி கல். பச்சை கலந்த எரிமலைக் கல், வெட்டும்போது மெத்தென்று இருக்கும். அதில் நடுநடுவே கெட்டி முடிச்சுகள் வரும், உளி இறங்காது. சில இடத்தில் அந்த முடிச்சை அப்படியே விட்டுவிட்டுச் சுற்றிச் செதுக்கியிருக்கிறார்கள். துணியில் நெப்ஸ், அதாவது நூல் முடிச்சு, வந்தால் நாங்கள் பீஸையே ஒதுக்குவோம். அவர்களுக்கு அந்த வசதி இல்லை.

இவர் கட்டியதிலேயே எனக்குப் பிடித்தது பந்தாட்டக் களம். சரிவுச் சுவர்களில் மக்காவ் தலைகள். 738 ஜனவரியில் அதைத் திறந்தார். நான்கு மாதத்துக்குள் தலை போயிற்று. வடக்கே மோட்டாகுவா ஆற்றங்கரையில் கிரிகுவா என்று சின்ன ஊர். அதன் மன்னன் காக் திலீவைப் பட்டத்தில் உட்கார வைத்ததே இவர்தான். அவன் இவரைப் போரில் தோற்கடித்துப் பிடித்து, வெட்டினான். பச்சை மாணிக்கமும் அப்சிடியன் எரிமலைக் கண்ணாடியும் போகும் வழி அந்த ஆறு, அதுதான் விஷயம்.

அந்தப் பந்துக் களம் ஹோண்டுராஸின் 1 லெம்பிரா நோட்டின் பின்பக்கத்தில் இருக்கிறது. ஒரு நோட்டு இன்னும் என் பர்ஸில் கிடக்கிறது. மடித்த கோடு சரியாகக் களத்தின் நடுவில் ஓடுகிறது.

பிப்ரவரி 15

திருத்தம் இரண்டு. 'பச்சை மாணிக்கம்' என்று எழுதியது தப்பு. ஜேட் கல். மாணிக்கம் சிவப்பு, மாணிக்க வியாபாரி மருமகனிடம் திட்டு வாங்கினேன்.

இன்னொன்று, போரில் தோற்கடித்தான் என்று அடித்துச் சொல்லிவிட்டேன். கிரிகுவாக் கல்லில் இருப்பது கோடரி எழுத்து மட்டும். வெட்டப்பட்டார், முடிந்தது. 'கல்லாயுதத்தாலும் கேடயத்தாலும்' இறந்தார் என்று எழுதிக்கொண்டது கோப்பான்தான். அதாவது போரில் விழுந்தார் என்கிறார்கள். ஜெயித்தவன் ஊரில் வெட்டு, தோற்றவர்கள் ஊரில் வீரமரணம். இரண்டு கல்லையும் சேர்த்துப் படித்தால்தான் சங்கதி புரிகிறது. 736-இல் கிரிகுவா மன்னன் கலக்முல் ஆளோடு கூட்டு வைத்ததும் கிரிகுவாக் கல்லில் இருக்கிறது. கலக்முல், டிக்கால் இரண்டும் வடக்கே இருந்த பெரிய மாயா நகரங்கள். கோப்பான் டிக்காலின் பக்கம், கலக்முல் டிக்காலின் ஜென்ம விரோதி. சின்ன ஊர் தனியாகத் துணியவில்லை.

ஜெயித்த பிறகு காக் திலீவ் வைத்த தூண்களில் ஒன்று 10 மீட்டருக்கு மேல், மாயா ஊர்களிலேயே உயரமானது. கல்லைப் பார்த்தாலே தெரிகிறது, புதுப்பணம்.

பிப்ரவரி 18, ஞாயிறு

இன்று நேரம் இருக்கிறது. எழுத்துப் படிக்கட்டைப் பற்றி.

என் அப்பா லெட்டர் பிரஸ்ஸில் கம்பாசிட்டர். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், பில் புக். ஈய எழுத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வரிசை கோத்து, முடிந்ததும் நூல் சுற்றிக் கட்டுவார். எனக்கு எட்டு வயதிருக்கும்போது அப்படிக் கட்டி வைத்த ஒரு பக்கத்தை இடித்துத் தள்ளிவிட்டேன். சிமெண்டுத் தரையில் எழுத்தெல்லாம் சிதறிற்று. அப்பா அடிக்கவில்லை. "பொறுக்கு" என்றார். நான் பொறுக்கி, எனக்குத் தெரிந்த மாதிரி அடுக்கி வைத்தேன். பார்வைக்குப் பக்கம் மாதிரியே இருந்தது. படித்தால் ஒன்றும் இல்லை.

கோப்பான் படிக்கட்டு அதுதான். அறுபதுக்கும் மேற்பட்ட படிகள், ஏறக்குறைய 10 மீட்டர் அகலம், ஒவ்வொரு படியின் முகப்பிலும் எழுத்து. மொத்தம் சுமார் 2,200. மாயா உலகத்தில் இதைவிட நீளமான கல்வெட்டு கிடையாது. கோப்பான் மன்னர் பரம்பரையின் கதை முழுவதும் அதில் எழுதியிருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். மேல்பகுதி என்றோ சரிந்து விழுந்துவிட்டது. கீழ்ப் படிகள் மட்டும் இடம் மாறாமல் நின்றன. 1930களில் அமெரிக்காவின் கார்னகி ஆய்வு நிறுவனத்தின் குழு வந்து, கிடந்த கற்களையெல்லாம் எடுத்துப் படிக்கட்டாக அடுக்கியது. அப்போது அந்த எழுத்தை யாருக்கும் படிக்கத் தெரியாது, நாள் கணக்கைத் தவிர. விழாமல் காப்பாற்றினார்கள், சரி. ஆனால் வாக்கியம் சிதறிவிட்டது. ஒரு மன்னன் பட்டத்துக்கு வரும் தேதி ஒரு படியில், அவன் பெயர் வேறு எங்கோ.

இப்போது பழைய புகைப்படங்களையும் முப்பரிமாண ஸ்கேனையும் வைத்துக் கம்ப்யூட்டரில் கோத்துப் பார்க்கிறார்கள். நேரில் பார்த்தால் மேலே பெரிய தார்ப்பாய்க் கூரை, முன்னால் கயிறு. கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று நான் நினைத்தது அந்தச் சிமெண்டுத் தரையைத்தான்.

படிக்கட்டை ஆரம்பித்தவர் நம் பதிமூன்றாமவர். பெரிதாக்கி முடித்தவர் பதினைந்தாமவர், 750களில். தலை வெட்டுப்பட்டு இருபது வருடம்கூட ஆகவில்லை. தோற்ற ஊர், பழம்பெருமையை 2,200 எழுத்தில் எழுதிப் போடுகிறது. உச்சியில் இருந்த கோயிலில் இன்னும் ஒரு வேடிக்கை. கல்வெட்டு ஜோடி ஜோடியாக இரண்டு பத்தி. ஒன்று மாயா எழுத்து. பக்கத்திலேயே அதே விஷயம், மெக்சிகோவின் தியோதிஹுவாகான் பாணியில் இருக்கும்படி ஜோடித்த உருவங்களில். அப்படி ஓர் எழுத்து முறை உண்மையில் அங்கே புழங்கியதில்லை. பழைய பெருநகரத்து வாடை வரட்டும் என்று செய்த ஃபான்ட் அது. அப்பாவிடம் காட்டியிருந்தால் ரசித்திருப்பார்.

பிப்ரவரி 19

தியோதிஹுவாகான் வாடை எதற்கு என்று கேட்கிறார்கள். முதல் மன்னன் அந்தக் கோலத்தில் வந்ததால். கினிச் யாக்ஸ் குக் மோ. குக் என்றால் கெட்சால் பறவை, மோ நமக்குத் தெரியும், மறுபடி கிளி. 426-இல் வேறெங்கோ பட்டம் பெற்று, ஏறக்குறைய ஐந்து மாதம் கழித்து 427-இல் கோப்பான் வந்து சேர்ந்தார்.

இதையெல்லாம் சொல்வது 'கியூ' பீடம். 776-இல் பதினாறாம் மன்னன் யாக்ஸ் பசாஹ் செய்தது. சதுரக் கல், பக்கத்துக்கு நான்கு பேர், மொத்தம் பதினாறு பேர் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இதை ரொம்ப நாள் வானியலாளர் மாநாடு என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள்! பல ஊர்ப் பண்டிதர்கள் கூடி நாள்காட்டியைத் திருத்துகிறார்களாம். குரூப் போட்டோ. அந்த நினைப்புக்குக் காரணமும் உண்டு, கோப்பானில் 149 அமாவாசைக்கு 4,400 நாள் என்று கணக்கு வைத்திருந்தார்கள். வகுத்துப் பாருங்கள், 29.53 வரும். ஆனால் பீடத்தில் ஒவ்வொருவரும் உட்கார்ந்திருப்பது அவரவர் பெயரெழுத்தின் மேல். பதினாறு மன்னர்கள். முன்பக்கத்தில் முதலாமவர் பதினாறாமவருக்குக் கோல் மாதிரி ஒன்றை நீட்டுகிறார். நடுவில் முந்நூற்று ஐம்பது வருடம். அந்தத் தைரியம் எனக்கு ரொம்பப் பிடித்தது.

பீடத்துக்குப் பக்கத்தில் ஒரு குழியில் பதினைந்து சிறுத்தைகளின் எலும்பு கிடைத்தது, ஜாகுவார். முன்னோர் பதினைந்து பேருக்குத் தலைக்கு ஒன்று. அத்தனை ஜாகுவாரை அந்தச் சின்னப் பள்ளத்தாக்கில் எங்கே பிடித்தார்கள்? கோப்பானில் கிடைத்த ஜாகுவார், பூமா எலும்புகளை ஆராய்ந்து 2018-இல் ஒரு கட்டுரை வந்தது. சில விலங்குகள் கூண்டில் தீனி போட்டு வளர்த்தவை, சில வெளியூரிலிருந்து வந்தவை.

பிப்ரவரி 19, இரவு

முதல் மன்னன் கதை வெறும் கல்வெட்டுப் பெருமை இல்லையா என்றால், இல்லை. கோப்பானில் பழைய கட்டடத்தை மூடி அதன்மேல் புதியது கட்டுவார்கள். வெங்காயம். ஆறு வந்து கிழக்குப் பக்கத்தை அரித்து அந்த அடுக்குகளை வெட்டிக் காட்டிவிட்டது. 1930களில் ஆற்றைத் திருப்பிவிட்டார்கள். பிறகு உள்ளே குடைந்துகொண்டே போனார்கள். தொல்லியலாளர் ராபர்ட் ஷேரர் குழு அடி ஆழத்தில் ஒரு கல்லறையைக் கண்டது. வயதான ஆண், பல்லில் ஜேட் பதித்தது, வலது முன்கை ஒரு காலத்தில் முறிந்து கோணலாகக் கூடியது. பல் எனாமலைச் சோதித்தால் சின்ன வயதில் வளர்ந்தது கோப்பானில் இல்லை, வடக்கே குவாத்தமாலாவின் பெட்டென் சமவெளிப் பக்கம். வெளியூர்க்காரர், அடிபட்டவர். பக்கத்தில் இன்னொரு கல்லறையில் ஒரு பெண், எலும்பெல்லாம் சிவப்பு இங்குலிகம் பூசி, ஜேட் குவியலோடு. அந்தம்மா உள்ளூர். பெண் கொடுத்து ஊரையும் கொடுத்த கதையாக இருக்கலாம்.

டிக்காலிலிருந்து வந்தார் என்று முன்பு ஒரு பதிவில் எழுதியிருந்தேன். மாயா எழுத்து அறிஞர் டேவிட் ஸ்டூவர்ட் கல்வெட்டை வைத்து, பெலீஸ் நாட்டில் இருக்கும் கரக்கோல் ஊர்த் தொடர்பு என்கிறார். என் பழைய பதிவை அடித்துவிடுங்கள்.

பிப்ரவரி 20

சுரங்கத்துக்குள் போகலாமா என்றவருக்கு: போகலாம், தனி டிக்கெட், விலை அதிகம். ரோசலீலா கோயிலின் ஒரு துண்டைக் கண்ணாடிக்குப் பின்னால் காட்டுவார்கள். எனக்கு வயிறு எரிந்தது. மியூசியம் போன பிறகுதான் ஆறிற்று. தொல்லியலாளர் ரிகார்தோ அகுர்சியா 1989-இல் கண்டுபிடித்த கோயில் அது. மற்றவற்றை இடித்துத்தான் மூடுவார்கள், இதை மட்டும் சாந்து உடையாமல் பொத்தி மூடியிருக்கிறார்கள். மியூசியம் நடுவில் அதே அளவில், அதே சிவப்பில் நகல் நிற்கிறது. முதல் தடவை போகிறவர்கள் சாம்பல் கல்லை மட்டும் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள், ஊரே வண்ணம் பூசிய ஊர்.

கொசு மருந்து மறக்க வேண்டாம். 1893-இல் ஜான் ஓவன்ஸ் என்ற ஆய்வாளர் அங்கே காய்ச்சலில் இறந்து 'டி' தூண் முன்னாலேயே புதைக்கப்பட்டார். எனக்குச் சோலோமாவில் டெங்கு வந்தபோது இந்த ஞாபகம்தான் வந்து வந்து போனது.

பிப்ரவரி 23

எப்படி அழிந்தார்கள் என்ற கேள்வி வராமல் இருக்காது. மரத்தையெல்லாம் வெட்டினார்கள், மண் அரித்தது, பட்டினி, ஓட்டம். பழைய மகரந்த ஆய்வை வைத்து எழுதிய பாடம் இது. நானே இரண்டு இடத்தில் அப்படி எழுதியிருக்கிறேன். 2010-இல் காமரன் மெக்நீல் குழு அதே பள்ளத்தாக்கில் இன்னும் ஆழமாக மண் எடுத்துப் பார்த்தது. கடைசிக் காலத்தில் காடு முன்பைவிட அதிகமாகவே இருந்தது. ஆக, என் இரண்டு பதிவும் காலி. எலும்புகளில் சத்துக்குறைவும் நோயும் தெரிவது நிஜம். மன்னனோடு பிரபுக்களும் எழுத்து பொறித்த இருக்கை போட்டு உட்காரத் தொடங்கியதும் நிஜம். ஒரே காரணத்தை எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்க ஆசைதான்.

'அழிந்தார்கள்' என்பதே சரியில்லை. கல்வெட்டு மொழிக்கு இன்று நெருங்கிய உறவு சோர்த்தி. பேசுகிறவர்கள் எல்லைக்கு அந்தப் பக்கம் குவாத்தமாலாவில் அதிகம். இந்தப் பக்கம் பேச்சு ஏறக்குறைய போய்விட்டது, சனம் இருக்கிறது. 1990களின் கடைசியில் நிலம் கேட்டு அதே இடிபாட்டு வாசலை மறித்து உட்கார்ந்தார்கள். ஸ்டீஃபன்ஸ் 50 டாலர் கொடுத்து வாங்கியதாக எழுதிய இடம்.

கடைசியாக 'எல்' பீடம். பந்துக் களத்துக்கு வடக்கே மேட்டில் கிடக்கிறது, பெரும்பாலோர் தாண்டிப் போய்விடுவார்கள். 822-ஆம் வருடத் தேதி. உகித் தோக் என்ற கடைசி மன்னர் யாக்ஸ் பசாஹுக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறார், 'கியூ' பீடத்தை அப்படியே காப்பியடித்து. ஒரு பக்கம் முடிந்திருக்கிறது. எதிர்ப்பக்கத்தில் உருவத்தின் வெளிக்கோடு எடுத்து அதோடு நிற்கிறது. மற்ற இரண்டும் வெறுங்கல். அந்த வெளிக்கோட்டில் விரல் வைத்துப் பார்க்க ஆசையாக இருந்தது. காவல்காரர் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிப்ரவரி 24

கேட்ட தம்பி திரும்ப வந்திருக்கிறார். "சரி, கிளி என்றே வைத்துக்கொள்வோம். கிளிமேல் எதற்குப் பாகன்? தலைப்பாகை வேறு?"

தம்பி, அந்த மாதிரிச் சிற்றுருவங்கள் கோப்பான் தூண்களில் இறகுக்குள்ளும் பாம்பு வாய்க்குள்ளும் எங்கே பார்த்தாலும் ஒட்டிக்கொண்டிருக்கும். கிளி இல்லாத தூணிலும் உண்டு. தலைப்பாகைக்கு 'கியூ' பீடத்தைப் பாருங்கள். வரிசையாக உட்கார்ந்திருக்கிறவர்களில் பலர் கட்டியிருப்பது தலைப்பாகைதான். 'பி' தூணில் நிற்கும் மன்னன் தலையிலும் அதே. கோப்பான் அரசர்களின் அடையாளமே அது. சுற்றுச் சுற்றாக, நேர்த்தியாக. எங்கள் தாத்தா கட்டுவது இவ்வளவு நேர்த்தியாக இருக்காது.